கமக்காரர் வயலில் நடத்தும் பரீட்சை: நெல்லின் விதைப்பளவு

புரட்டாதி மாதம் பிறந்ததும் வன்னியிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காலபோகத்துக்குரிய புழுதி விதைப்பு ஆரம்பமாகின்றது. மழை விழுமுன் உழுது புழுதியாக்கிய நிலத்தில் நெல்லை வீசி விதைத்து, மீண்டும் உழுது மூடிவிட்டுக் கமக்காரர் மழையை எதிர்பார்த்திருப்பர். ஏக்கருக்கு ஏறக்குறைய 2 புசல் விதைநெல் போதுமென்பது விவசாயத் திணைக்களத்தின் பொதுவான சிபார்சாகும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோகிராம் நிறையுடையதாதலின், இது ஏக்கருக்கு 42 கிலோகிராம் அளவாகும். ஆயினும் 3 புசலும், சிலவிடங்களில் அதற்கு மேலும் வீசும் வழக்கம் கமக்காரரிடையே நெடுங்காலமாக நிலைத்திருக்கின்றது.

இவ்வழக்கம் அறியாமையால் வந்ததெனக் கூறிவிடுதல் எளிது. ஆனால் வரம்பில் நின்று காரணத்தைக் கேட்போருக்குக் கமக்காரர் பல காரணங்களைச் சொல்லுவர். எறும்பும் பறவையும் ஒரு பங்கை எடுத்துவிடும். முதல் மழைக்கு முளைத்த பயிர், அடுத்த மழை பிந்தினால் வெயிலிற் கருகிவிடும். பள்ளமான இடத்தில் வெள்ளம் நின்று முளை அழுகும். மேடான இடத்தில் முளையே வராது. பயிர் ஐதாக நின்றால் இடைவெளியைக் களை பிடித்துக்கொள்ளும். இக்காரணங்கள் யாவும் அவை சொல்லப்படும் வயலைப் பொறுத்தவரையில் உண்மையானவை. ஆராய்ச்சி நிலையத்தின் வயலோ மட்டப்படுத்தப்பட்டது. வேண்டிய நாளில் நீர் பாய்ச்சத்தக்கது. அங்கு விதைக்கப்படும் நெல் முளைதிறன் பார்க்கப்பட்டது. களை உரிய காலத்திற் பிடுங்கப்படுவது. அங்கே 2 புசல் போதுமென்பதும் உண்மையே.

ஆகவே தீர்க்கவேண்டிய கேள்வி, நிலையம் சொல்வது சரியா, கமக்காரர் செய்வது சரியா என்பதன்று. எவ்வகை வயலுக்கு எவ்வளவு விதை வேண்டும் என்பதே கேள்வியாகும். இதற்கு நிலையத்தின் பரீட்சை மாத்திரம் விடை தரமாட்டாது. கமக்காரரின் அனுபவமும் தனித்து நின்று விடை தரமாட்டாது; ஏனெனில், 3 புசல் விதைப்பவர் அதே ஆண்டில், அதே வயலில், அதன் பக்கத்திலே 2 புசலை விதைத்துப் பார்ப்பதில்லை. இவ்விரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பதே கமக்காரர் வயற் பரீட்சையின் வேலையாகும்.

விதைப்பளவு அற்பமான விடயமன்று. 5 ஏக்கர் செய்பவர் ஏக்கருக்கு ஒரு புசலை மிகையாக வீசினால், 105 கிலோகிராம் விதைநெல் புழுதியிற் போகின்றது. விதைநெல்லின் விலை சாதாரண நெல்லின் விலையிலும் கூடியது. நெருக்கமாக நிற்கும் பயிரின் தண்டு மெலிந்து, மழைக்கும் காற்றுக்கும் சாய்ந்துவிடும். அடியிற் காற்றோட்டம் குறைவதால் கபில நிறத் தத்தியும் இலைமடலைப் பற்றும் நோயும் பெருகுதற்கு இடமுண்டு. மறுபக்கத்தில், குறைத்து விதைத்த வயலிற் பயிர் தப்பிவிட்டால் அந்நட்டம் இலேசானதன்று. மீண்டும் விதைக்க நெல் வேண்டும். நெல் கிடைத்தாலும் பருவம் போய்விடும். குத்தகைக் காணியில், நகையை ஈடுவைத்துச் செய்கைபண்ணும் ஒருவருக்கு ஒரு போகம் தவறுதல் என்பது அடுத்த போகமும் தவறுதலாகும். இவர் உத்தியோகத்தரின் சொல்லை நம்பி விதையைக் குறைக்கத் தயங்குவதிற் குற்றமில்லை.

முன்னோர் நடத்திய பரீட்சைகள்

பயிர்ப் பரீட்சையின் முறைகள் ஒரே நாளில் உண்டானவையல்ல. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் 1843 ஆம் ஆண்டில் லோஸ், கில்பேட் என்னும் இருவர் பசளையிட்ட துண்டுகளையும் பசளையிடாத துண்டையும் அருகருகே வைத்துக் கோதுமை பயிரிட்டு நிறுக்கத் தொடங்கினர். 1919 ஆம் ஆண்டில் அந்நிலையத்திற் சேர்ந்த பிஷர் என்னும் கணித அறிஞர், ஒரே விதமாகச் செய்கைபண்ணப்பட்ட இரு துண்டுகளும் ஒரே அளவான விளைவைத் தருவதில்லை என்பதை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு முறையையும் ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளில் வைத்தலும், எத்துண்டுக்கு எம்முறை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தலும் வேண்டுமென நிறுவினார். மண்ணின் வேற்றுமையை முறையின் வேற்றுமையென மயங்காதிருத்தற்கு இவ்விரண்டும் இன்றும் அரணாக உள்ளன.

எனினும் நிலையத்தின் வேலிக்குள் அடங்கிய பரீட்சை ஊர் வயல்களுக்கெல்லாம் பொருந்துமா என்னும் ஐயம் நீங்கவில்லை. இந்தியாவின் மண்வள ஆராய்ச்சி பற்றி 1947 இல் ஸ்ருவாட் என்பவர் அளித்த அறிக்கை, உழவரின் சொந்த வயல்களில் எளிய பரீட்சைகளை நடத்துமாறு வற்புறுத்தியது. 1974 முதல் 1977 வரை சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இலங்கை உட்பட ஆசிய நாடுகள் சிலவற்றுடன் சேர்ந்து நடத்திய ஆய்விலே, கமக்காரர் இடும் அளவும் அதனிலும் உயர்ந்த அளவும் கமக்காரரின் வயல்களிலேயே ஒப்பிடப்பட்டன. இலங்கையில் 1952 இல் பத்தலகொடையில் நெல் இனவிருத்தி நிலையம் நிறுவப்பட்டது. புதிய நெல்லினங்கள் வெவ்வேறு பிரதேச நிலையங்களிற் பரீட்சிக்கப்பட்டபின் கமக்காரர் வயல்களிலும் பரீட்சிக்கப்பட்டே இன்று வெளியிடப்படுகின்றன.

சிறு துண்டிற் சோதிப்பதன் அவசியத்தை அண்மைக் கால அனுபவமும் காட்டும். 2021 மே மாதம் அசேதனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2021/22 காலபோகத்தில் நாட்டின் நெல் விளைவு வெகுவாகக் குறைந்தது. பெருநிலத்திற் செய்தபின் அறியும் பிழையைச் சிறு துண்டில் முன்கூட்டியே அறியலாம். ஒரு பரப்பில் உண்டாகும் நட்டத்தைத் தாங்கலாம்.

கேள்வியைத் தீர்மானித்தல்

பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்தபின், கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர்களுடன் விவசாயப் போதனாசிரியர் தனியாக ஒரு கூட்டம் வைத்தல் நன்று. அக்கூட்டத்திற் போதனாசிரியர் குறைவாகப் பேசுதல் வேண்டும். விதைப்பளவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், புதிய இனம், யூரியா இடும் காலம், களைநாசினி என்று பல கேள்விகள் எழும். அவை யாவும் நல்ல கேள்விகளே. ஆயினும் ஒரு துண்டில் விதையையும் குறைத்து, இனத்தையும் மாற்றி, பசளையையும் கூட்டிவிட்டால், விளைவு ஏறியதோ இறங்கியதோ எதனாலென்று ஒருவராலும் சொல்லமுடியாது. ஆகையால் ஒரு போகத்துக்கு ஒரு கேள்வி போதும். மற்றவற்றை அடுத்த போகத்துக்கெனக் குறித்துவைக்கலாம்.

விதைப்பளவுப் பரீட்சைக்கு மூன்று துண்டுகள் வேண்டும். ஒன்று கமக்காரர் வழக்கமாக விதைக்கும் அளவு; மற்றொன்று சிபார்சு செய்யப்பட்ட 2 புசல்; மூன்றாவது கமக்காரர் தாமே கூடித் தீர்மானிக்கும் ஓர் அளவு. பெரும்பாலும் அவர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட இரண்டரைப் புசலைத் தெரிவர். இம்மூன்றாவது துண்டு பரீட்சையைக் கமக்காரரின் சொந்தப் பரீட்சையாக்குகின்றது. தாம் கேட்ட கேள்விக்குரிய விடையைப் பார்க்க அவர்கள் அழைக்காமலே வயலுக்கு வருவர்.

கமக்காரர் அளவு எவ்வளவு என்பதை வாய்ச்சொல்லால் மாத்திரம் எழுதிக்கொள்ளல் கூடாது. காணியின் பரப்பு வழக்கத்தாற் சொல்லப்படுவது. சாக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறை கொள்வது. 3 புசல் எனச் சொல்லப்படுவது நிறுத்துப் பார்க்கும்போது இரண்டரையாகவோ மூன்றரையாகவோ இருக்கலாம். எனவே, அவருடைய வேறொரு வயலில் விதைப்பதற்கு முன்னும் பின்னும் சாக்கை நிறுத்து, விதைத்த நிலத்தை நாடாவால் அளந்து கணித்தல் வேண்டும். இந்த ஒரு வேலையினாலேயே சில சமயங்களில் நெடுநாளைய வாதம் தீர்ந்துபோவதுமுண்டு.

வயல்களைத் தெரிதல்

வீதியோரத்தில் உள்ளதும், வாய்க்காலின் தலைப்பில் நீர் குறைவின்றிப் பெறுவதும், வசதியுள்ள ஒருவருக்கு உரியதுமான வயலைப் பரீட்சைக்குத் தெரிவது பெருவழக்கு. பெயர்ப்பலகை நாட்டுதற்கு அவ்வயல் வாய்ப்பானதுதான். ஆனால் அது இன்னோர் ஆராய்ச்சி நிலையமேயன்றி ஊர் வயலாகாது. இரணைமடு போன்ற பெருங்குளத்தின் கீழ் வாய்க்காற் தலைப்பில் உள்ள வயல், அதே வாய்க்காலின் கடைமடையில் உள்ள வயல், சிறுகுளத்தின் கீழுள்ள வயல், மழையை மாத்திரம் நம்பிய மானாவாரி வயல் என்பன வெவ்வேறு விடை தரக்கூடியவை. ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று வயல்களாவது இருத்தல் வேண்டும். காணிக்குச் சொந்தக்காரர் மாத்திரமன்றிக் குத்தகைக்குச் செய்பவரும், தாமே செய்கையை நடத்தும் பெண்களும் பங்குபற்றல் வேண்டும். விதைநெல்லைக் காயவைத்துப் பேணுவதும் களை பிடுங்குவதும் பல குடும்பங்களிற் பெண்களின் பொறுப்பாக இருப்பதால், விதையைப் பற்றியும் களையைப் பற்றியும் அவர்கள் சொல்வனவற்றைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்வது பயன் தரும்.

வயல் தெரியப்பட்டதும், விதைப்புக்கு முன்னரே, நட்டத்தைப் பற்றிப் பேசித் தீர்த்தல் வேண்டும். பரீட்சைத் துண்டுகளின் விளைவு முழுவதும் கமக்காரருக்கே உரியது. சிபார்சுத் துண்டின் விளைவு அவருடைய வழக்கமான துண்டின் விளைவிலும் குறைந்தால், அக்குறை எவ்வாறு, யாரால் ஈடுசெய்யப்படும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளல் நன்று. ஈடுசெய்ய வழியில்லையாயின் அதனையும் ஒளிக்காமற் சொல்லி, அவர் தாங்கக்கூடிய சிறு துண்டோடு பரீட்சையை நிறுத்திக்கொள்ளல் வேண்டும். இலவசமாகப் பசளையும் களைநாசினியும் கொடுத்து ஒருவரைச் சேர்த்துக்கொள்வது வேறோர் இடர்ப்பாட்டை உண்டாக்கும். அவ்வாறு பெற்றவர் உபசாரத்துக்காக உத்தியோகத்தருக்குப் பிரியமானதையே பின்னர் சொல்லுவார்.

துண்டு வகுத்தல்

பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் எனக் கணக்கிடுவர். ஒவ்வொரு துண்டும் ஒரு பரப்பு அளவாக, 10 மீற்றர் அகலமும் 25 மீற்றர் நீளமும் உடையதாக அமைந்தால் கணக்கும் இலகு, கமக்காரருக்கும் விளங்கும். இதனிலும் சிறிய துண்டிலே ஓரத்துப் பயிரின் செழிப்பு விளைவைக் கூட்டிக் காட்டும். மிகப் பெரிய துண்டிலே மண் ஒரே தன்மையாக இராது.

வயல் பெரும்பாலும் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கும். துண்டுகளை மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி நீளவாட்டில் வகுத்தல் வேண்டும். அப்போது மூன்று துண்டுகளிலும் மேடும் பள்ளமும் ஒரே அளவிற் சேரும். குறுக்கே வகுத்தால், ஒரு துண்டு முழுவதும் மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் விழுந்து, பரீட்சை மண்ணைப் பற்றியதாகிவிடும். பழைய மாட்டுப்பட்டி இருந்த இடம், சூடு மிதித்த களம், கிணற்றடி, மரநிழல் என்பவற்றை விலக்கவேண்டும். இவை எங்கெங்கே இருந்தன என்பது காணியை அறிந்தவருக்கே தெரியும். அளவு நாடாவுக்குத் தெரியாது.

எத்துண்டில் எவ்வளவு விதைப்பதென்பதைத் திருவுளச்சீட்டினால் தீர்மானித்தல் வேண்டும். இது விளையாட்டன்று. உத்தியோகத்தர் தெரிந்தால் அவர் அறியாமலே நல்ல துண்டைச் சிபார்சு அளவுக்கு ஒதுக்குவார். கமக்காரர் தெரிந்தால் தம் அளவுக்கு ஒதுக்குவார். மூன்று கடதாசித் துண்டுகளில் அளவுகளை எழுதி மடித்து, பக்கத்தில் நிற்கும் ஒரு சிறுவனைக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பித்தால் இருவருக்கும் சந்தேகம் இராது. பின்னர் யாராவது துண்டுகளை மாற்ற விரும்பினாலும் மாற்றலாகாது.

இடம் இருக்குமாயின் ஒரே வயலில் இருதரம் துண்டு வகுத்தல் நன்று. அவ்வாறு இடமில்லாத சிறு கமக்காரரையும் விலக்கவேண்டியதில்லை. 1990களின் பிற்பகுதியில் மலாவி நாட்டில் மண்வளம் பற்றிய பரீட்சைகளில் ஓர் எளிய வழி கையாளப்பட்டது. ஊரின் நடுவில் எல்லா முறைகளும் பலதரம் வைக்கப்பட்ட ஒரு 'தாய்ப் பரீட்சை'யும், சுற்றியுள்ள உழவர் பலரின் வயல்களில் அவர்கள் விரும்பிய சில முறைகள் மாத்திரம் வைக்கப்பட்ட 'சேய்ப் பரீட்சை'களும் நடந்தன. இங்கும் கமநல சேவை நிலையத்துக்கு அண்மையில் ஒரு தாய்ப் பரீட்சையை வைத்து, ஒவ்வொரு சிறு வயலையும் ஒருதரம் வகுத்த சேயாகக் கொள்ளலாம். இங்கு ஒவ்வொரு வயலிலும் மூன்று அளவுகளும் ஒருதரம் இருத்தலே போதுமானது.

விதைத்தல்

விதைப்புக்கு இரு வாரங்களுக்கு முன் கமக்காரரின் விதைநெல்லில் நூறு மணிகளை எண்ணி, ஈரத் துணியிற் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கின்றன எனப் பார்த்தல் வேண்டும். நூற்றுக்கு அறுபது முளைக்கும் நெல்லில் 3 புசல் விதைப்பவர், நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்கும் நெல்லில் 2 புசல் விதைப்பவர் பெறும் அதே தொகையான முளைகளையே பெறுகின்றார். இருவரும் செய்வது ஒன்றே எனக் கண்டுகொள்ளாமல் வாதிட்டுக்கொண்டிருத்தல் வீண். மூன்று துண்டுகளுக்கும் ஒரே விதைநெல்லையே எடுத்தல் வேண்டும்.

ஒரு பரப்புக்கு 2 புசல் அளவில் 2.6 கிலோகிராமும், இரண்டரைப் புசல் அளவில் 3.3 கிலோகிராமும், 3 புசல் அளவில் 3.9 கிலோகிராமும் நெல் வேண்டும். இவற்றை முதல் நாளே நிறுத்துத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயரெழுதிக் கட்டிவைக்கவேண்டும். கையால் வீசுபவரின் கை தன் வழக்கமான அளவிலேயே வீசும். 2 புசற் துண்டின் முடிவை அடையுமுன் பை வெறுமையாகிவிடும். ஆதலால் ஒவ்வொரு பையையும் இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பாதியை நீளவாட்டிலும் மறுபாதியைக் குறுக்குவாட்டிலும் வீசச் செய்தால் விதை எங்கும் சமமாக விழும். மூன்று துண்டுகளையும் ஒருவரே, ஒரே நாளில் விதைத்தல் வேண்டும்.

அதன்பின் பசளை, களைநாசினி, நீர் யாவும் மூன்றுக்கும் ஒன்றே. இங்குதான் பல பரீட்சைகள் கெட்டுப்போகின்றன. உத்தியோகத்தர் பார்வையிட வரும் நாளுக்கு முன் சிபார்சுத் துண்டுக்கு மாத்திரம் கூலியாள் விட்டுக் களை பிடுங்குவித்தால், அத்துண்டின் விளைவு விதைப்பளவின் விளைவன்று, கூலியாளின் விளைவு. கமக்காரர் தம் வயலில் எத்தனைதரம் களை பிடுங்குவாரோ அத்தனைதரமே மூன்று துண்டுகளிலும் பிடுங்கல் வேண்டும்.

பயிர் நிற்குங் காலத்து அவதானங்கள்

ஆயிரம் மணிகள் 25 கிராம் நிறையுள்ள நெல்லினத்தில், 2 புசல் அளவில் விதைத்தால் ஒரு சதுர மீற்றரில் 400க்குச் சற்று மேற்பட்ட மணிகளும், 3 புசல் அளவில் 600க்குச் சற்று மேற்பட்ட மணிகளும் விழுகின்றன. இவற்றுள் எத்தனை பயிராயின என்பதை முளைத்து மூன்று வாரங்களில் எண்ணவேண்டும். பக்கத்துக்கு 50 சென்ரிமீற்றர் நீளமுள்ள மரச்சட்டமொன்றைத் துண்டுக்கு எட்டு இடங்களில் வைத்து, உள்ளே நிற்கும் பயிர்களை எண்ணி, சராசரியை நான்காற் பெருக்கினால் சதுர மீற்றருக்குரிய தொகை வரும். சட்டத்தை நல்ல இடம் பார்த்து வைக்கலாகாது. கண்ணை மூடி எறிந்து விழுந்த இடத்தில் எண்ணுதல் வேண்டும்.

எண்ணிக்கை குறைந்த துண்டைக் கண்டு உடனே மனந்தளரவேண்டியதில்லை. ஐதாக நிற்கும் நெற்பயிர் கூடுதலாக மட்டம் வெடித்து இடைவெளியை நிரப்பும். எந்த அளவுக்கு நிரப்புகின்றது என்பது பசளையையும் நீரையும் களையையும் பொறுத்தது. அதை அறியவே கதிர் வெளிவந்தபின் அதே சட்டத்தை வைத்துக் கதிர்களையும் எண்ணவேண்டும்.

விபத்து நேராத வயல் இல்லை. கட்டாக்காலி மாடு ஒரு மூலையை மேய்ந்துவிடும், யானை நடந்துவிடும், எலி வெட்டிவிடும். இவற்றை நேர்ந்த நாளிலேயே குறிப்புப் புத்தகத்தில் எழுதல் வேண்டும். அறுவடையின்பின் விளைவு குறைந்த துண்டுக்கு மாத்திரம் காரணம் தேடி எழுதுதல் ஏமாற்றாகும். மாடு மேய்ந்த இடம் விதைப்பளவோடு தொடர்பற்றதாதலின், அவ்விடத்தை விலக்கிவிட்டு மிகுதியை அளக்கலாம். ஆனால் நெருங்கி விதைத்த துண்டு காற்றிற் சாய்ந்துவிட்டால் அதை விலக்கலாகாது. சாய்ந்தது நெருக்கத்தின் பயனாக இருக்கலாம். அவ்வாறே ஐதாக விதைத்த துண்டைக் களை மூடிக்கொண்டால் அதையும் விலக்கலாகாது. தவறிப்போன துண்டு என்று ஒதுக்கப்படுபவற்றுள் பரீட்சையின் விடையே சில வேளைகளில் அடங்கியிருக்கும். குறைத்து விதைத்தலை விரும்பும் உத்தியோகத்தர் களை மூடிய துண்டை 'பராமரிப்புக் குறைவு' என எழுதி நீக்கினால், அடுத்த ஆண்டு அதைக் கேட்டு நடக்கும் கமக்காரரின் வயலை அதே களை மூடும்.

ஒவ்வொரு நாள் மழையையும் மழைமானி உள்ள இடத்திற் குறித்துக்கொள்ளல் வேண்டும். மழை ஒழுங்காகப் பெய்த ஆண்டின் பெறுபேறு, மழை தவறும் ஆண்டுக்கு உறுதி கூறமாட்டாது. இரண்டு காலபோகங்களாவது பாராமல் இவ்விடயத்தில் முடிவு கூறுதல் தகாது.

அருவிவெட்டும் நிறுவையும்

அறுவடை இயந்திரங்கள் வந்தபின் அருவிவெட்டு ஓரிரு மணித்தியாலத்தில் முடிந்துவிடுகின்றது. இயந்திரம் முறைப்படி ஊருக்குள் வரும்போது இரவென்றும் பகலென்றும் பாராமல் வயலில் இறங்கிவிடும். மூன்று மாதம் காத்த பரீட்சைத் துண்டுகள் மற்ற வயலோடு சேர்ந்து ஒரே பொலியாகிவிட்டால் எல்லா உழைப்பும் வீணாகும். ஆகவே இயந்திரம் வருவதற்கு முன் மாதிரி அறுவடையை முடித்துக்கொள்ளல் வேண்டும். நாலு மூலைகளிலும் உயரமான கம்புகளை நாட்டிவைத்தலும் நன்று.

ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தில் ஒரு மீற்றரை விட்டு, மூன்று இடங்களில் 2 மீற்றருக்கு இரண்டரை மீற்றர் அளவாகக் கயிறு கட்டி, அரிவாளால் அறுத்து, அடித்து, தூற்றிச் சப்பியை நீக்கி நிறுத்தல் வேண்டும். மூன்றும் சேர்ந்து 15 சதுர மீற்றர் ஆகும். ஈரமான நெல்லும் காய்ந்த நெல்லும் ஒன்றுக்கொன்று ஒப்பிடத்தக்கவையல்ல. எல்லாவற்றையும் நூற்றுக்கு 14 வீத ஈரப்பதனுக்குக் கொண்டுவந்து கணித்தல் வேண்டும். உதாரணமாக, 22 வீத ஈரப்பதனில் 6.6 கிலோகிராம் நிறுத்த நெல், 14 வீதத்தில் ஏறக்குறைய 6 கிலோகிராமாகும். 15 சதுர மீற்றரில் 6 கிலோகிராம் எனின் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,620 கிலோகிராம், அதாவது 77 புசல் விளைவாகும். இக்கணக்கைக் கமக்காரர் முன்னிலையில் அவருக்கு விளங்கும்படி செய்தல் வேண்டும். அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் செய்த கணக்கை ஊரவர் நம்பார்.

சராசரியும் அதன் குறையும்

விளக்கத்தின் பொருட்டு, ஆறு வயல்களில் இவ்வாறு பரீட்சை நடந்ததாகக் கொள்வோர், 2 புசற் துண்டின் விளைவிலிருந்து 3 புசற் துண்டின் விளைவைக் கழித்துப் பார்க்கலாம். குளத்து நீர் பெறும் நான்கு வயல்களில் வேறுபாடு முறையே 3 புசல் கூட, 2 புசல் குறைய, 1 புசல் கூட, 2 புசல் கூட என்றும், மானாவாரி வயல்கள் இரண்டில் 9 புசலும் 12 புசலும் குறைய என்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆறையும் கூட்டிச் சராசரி எடுத்தால், 2 புசல் விதைப்பினால் ஏக்கருக்கு ஏறக்குறைய 3 புசல் குறைவு என விடை வரும். இவ்விடை ஆறு கமக்காரருள் ஒருவருக்கேனும் பொருந்தாதது. குளத்துக் கீழ் வயல்களைத் தனியே எடுத்தால் சராசரி வேறுபாடு ஒரு புசல் மாத்திரமே. நால்வரில் ஒருவருக்கு அது மாறியுமிருக்கின்றது. ஆகவே விளைவில் வேறுபாடில்லை எனக் கொண்டு, மிச்சமாகும் ஒரு புசல் விதையே அவர்களின் இலாபம் எனல் பொருந்தும். மானாவாரியிலோ ஒரு புசல் விதையை மிச்சப்படுத்திப் பத்துப் புசல் வரையில் இழந்தவராவர். அங்கு 3 புசல் விதைத்த கமக்காரர் காரணத்தோடேயே விதைத்திருக்கின்றார் என்பது புலனாகும்.

இப்படியான பெறுபேறு வந்தால் அதை அப்படியே மேலிடத்துக்கு எழுதல் வேண்டும். சிபார்சை நிரூபிப்பதற்காகப் பரீட்சை நடத்தப்படுவதில்லை. மானாவாரிக்கு வேறு அளவு வேண்டுமென்பதும், விதையைக் குறைக்கவேண்டுமானால் முதலில் நிலத்தை மட்டப்படுத்தவும் களையை அடக்கவும் வழி வேண்டுமென்பதும் பயனுள்ள பெறுபேறுகளே.

கமக்காரரின் தீர்ப்பு

அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன், பரீட்சையிற் பங்குபற்றியோரும் அயலவரும் எல்லா வயல்களையும் ஒருநாள் ஒன்றாகச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். துண்டுகளில் அளவைக் குறிக்கும் பலகைகளை அன்று எடுத்துவிடுதல் நன்று. எது எதுவென அறியாமற் பார்ப்பவர்கள் பயிரைப் பார்த்தே பேசுவர். ஒவ்வொருவர் கையிலும் மூன்று புளியங்கொட்டைகளைக் கொடுத்து, தாம் விரும்பும் துண்டின் பெட்டியில் இடச்செய்தால், கூட்டத்தில் வாய்திறவாதவரின் கருத்தும் தெரியவரும். பின்னர் அவர்கள் எதைக் கண்டு விரும்பினர் எனக் கேட்டெழுதல் வேண்டும். உத்தியோகத்தர் நிறையைப் பார்க்கும்போது கமக்காரர் வைக்கோலின் அளவையும், கதிர் ஒன்றாய் முற்றியதா என்பதையும், அறுவடை இயந்திரத்துக்குப் பயிர் சாயாமல் நின்றதா என்பதையும் பார்ப்பார். சேய்கள் பலவற்றில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருமாயின், அடுத்த பரீட்சைக்குரிய கேள்வி அதுவே.

ஆயினும் அன்று சொல்லும் சொல்லை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது. வந்த விருந்தினருக்கு முகங்கோணாமற் பேசுதல் ஊர் வழக்கம். அடுத்த புரட்டாதியில், பரீட்சை முடிந்து உதவி எதுவும் இல்லாத நிலையில், அதே கமக்காரர் எத்தனை புசல் நெல்லை வயலுக்குக் கொண்டுபோகின்றார் என்பதைப் போதனாசிரியர் நேரிற் சென்று பார்த்தல் வேண்டும். அளவைக் குறைத்தவர் எந்த வயலிற் குறைத்தார், குறைக்காதவர் எந்த வயலிற் குறைக்கவில்லை, ஏன் என்னும் விபரங்களை முதலாண்டுக் குறிப்புகளின் கீழேயே எழுதல் வேண்டும். அக்குறிப்புப் புத்தகத்தின் ஒரு பிரதி கமக்காரர் வீட்டிலும் மற்றொன்று கமநல சேவை நிலையத்திலும் இருத்தல் வேண்டும். போதனாசிரியர் இடம் மாறிச் சென்றாலும், அடுத்து வருபவர் அவ்விரு பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் புதிய துண்டுகளுக்குச் சீட்டுப் போடலாம்.